மச்சான் கைவிட்ட கயிறு

தூத்துக்குடி,
8-3-1975.

மகா கனம் பொருந்திய மருமகன் ஜெயசிங் அவர்களுக்கு, கடற்கரை ரோடு சோடாக் கம்பெனி முதலாளியும் உம் மாமாவுமாகிய பொன்னுதுரை ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உம் அத்தை இன்பமணி, உமக்கென்று பேசிவைத்த என் மகள் ஹில்டா, சோடாப் பாட்டில்கள் எல்லாரும் உடையாமல் இருக்கிறோம். சென்னையில் உம்முடைய சுகத்துக்கும் உம் ஆபீஸ் மின்விசிறியின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம்.

நிற்க. கல்யாணத் தேதி குறிக்க வந்த உம் அப்பா, அதாவது என் மச்சான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவபிரசாதம், தேதி குறிக்காமலே நேற்று சாத்தான்குளம் பஸ் ஏறிவிட்டார். "இந்த வீட்டுல எம் மவன் பொண்ணெடுக்க மாட்டான்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடிதம் உமக்கு வருமுன் உண்மை வந்து சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இது. புதுத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் நிறைய வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மாதா கோயிலைப் பார்த்தார்கள், உப்பளத்தைப் பார்த்துக் கண் கூசினார்கள், பிறகு முத்து எங்கே என்று கேட்டார்கள். முத்துக்குளிப்பு நின்றுதான் எத்தனையோ வருஷமாயிற்றே! ஊரே கைவிரித்த இடத்தில் நான் கைகொடுத்தேன். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்பை ஒரு தடவை மேலோட்டமாகப் படித்தார்கள், நான் மூன்று தடவை ஆழமாகப் படித்தவன் அல்லவா? 'பாரம்பரிய முத்துக்குளிப்புக் காட்சி' என்று போர்டு எழுதி மாட்டினேன். நம் முன்னோர் பனையேறியவர்கள், நமக்கும் கடலுக்கும் என்ன என்று நீர் கேட்கலாம். ஏறத் தெரிந்த குடும்பத்துக்கு இறங்கத் தெரியாதா?

முத்துக்குளிப்பில் ஒரு முறை உண்டு. குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டி இறங்குவான். மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கயிற்றை விட்டால் தன் தங்கச்சிதானே தாலியறுப்பாள் என்று உயிர் போனாலும் விடமாட்டான். ஆகவே, காபி குடித்துக்கொண்டிருந்த உம் அப்பாவை டம்ளரோடு, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வள்ளத்தில் ஏற்றினேன். உம் அத்தையும் ஏறினாள். என்மேல் உள்ள பாசத்தால் அல்ல, நான் காலில் கட்டியிருந்தது அவளுடைய அம்மிக்கல்.

இறங்கினேன். அதலபாதாளம்! அங்கே ஒரு சுறா, நம் சர்ச் வாசல் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு வந்தது. அந்தக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே மந்திரக்காரர் இருப்பாராம். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். எனக்கே பிடிபடாதது சுறாவுக்கா பிடிபடும்? குழம்பித் திரும்பிப் போய்விட்டது. உடனே கயிற்றைச் சுண்டினேன். மொத்தக் கயிறும் என் தலைமேல் வந்து விழுந்தது!

மேலே என்னவென்றால், தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் நான் இறங்கிய இடத்தைக் காட்டி, "ஹீ கோ டவுன்" என்றாராம். காலமெல்லாம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்திய உம் அப்பாவுக்குப் பொறுக்குமா? "நோ! ஹீ கோஸ் டவுன்!" என்று விரலை நீட்டியிருக்கிறார். அந்த விரலிடுக்கில்தான் மருமகனே, என் உயிர் இருந்தது.

"ஏ அண்ணே! எந் தாலியக் கடல்ல விட்டுட்டு அங்கன என்னத்தப் பாடம் நடத்துதிய?" என்று உம் அத்தை அலறினாளாம்.

"சும்மா கெட ஏளா! இடுப்பளவு தண்ணியில எவன் சாவான்? ஒம் புருசன் முழங்கால் போட்டு முங்கிக் கெடக்கான்."

"அவுக கெடக்கட்டும், எங்க அம்மிக்கல்லு?"

இடுப்பளவு என்றது பொறாமை. அதை விடும். ஒரு சிப்பியோடு நான் மேலே வந்தேன். வெள்ளைக்காரி ஒருத்தி திறந்தாள். உள்ளே முத்து! முத்தில் துளை! துளைக்குள் நூல்! அது ஹில்டாவின் பாசிமாலை நூல் மாதிரியே இருந்தது தற்செயல். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கலங்கவில்லை.

"எங்க ஊருச் சிப்பிக்குப் பொம்பளைய மேல எரக்கம் சாஸ்தி, கோக்கதுக்கு வசதியா ஓட்ட போட்டே தரும்னு இங்கிலீசுல சொல்லுங்க மச்சான்" என்றேன்.

"பொய்ய நான் மொழிபெயர்க்க மாட்டேன் வே."

"கயித்தப் பிடிக்கவும் தெரியல, இங்கிலீசும் தெரியல" என்று ஒரே ஒரு வார்த்தை, அன்பாகத்தான் சொன்னேன். அவ்வளவுதான். கரை வந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

மருமகனே, ஹில்டா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கலர் சோடா உடைத்துக் கொடுத்தும் தொடவில்லை. உம் அப்பாவுக்கு நீர் ஒரு வார்த்தை எழுதும். அவர் இங்கிலீஷ் மகாராணியின் இங்கிலீஷ் என்று நான் சொன்னதாகவே எழுதும். என் வாய் செய்ததற்கு என் பிள்ளையின் கழுத்து காத்துக்கிடக்க வேண்டாம்.

உம் மேலதிகாரிக்கு என் தோத்திரம். உமக்கு உப்பளத்து உப்பளவு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கொற்கைக் கடலின் முடிசூடா மூழ்காளி,
மாமா பொன்னுதுரை.

பி.கு.: கவரை ஒட்டுமுன் உம் அப்பா இன்றைய பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். சமாதானத்துக்கு அல்ல. வழியெல்லாம் யோசித்தாராம். "ஏவே, ஒம்ம பொய்ய நான் எலக்கண சுத்தமா இங்கிலீசுல சொன்னா அது பொய்யில்ல வே, வரலாறு!" என்கிறார். இனி அவர் என் கூட்டாளி. ஆகையால் மேலே நான் கெஞ்சினது, சுறா, அதலபாதாளம் எல்லாவற்றையும் அடித்துவிடவும், தண்ணீர் இடுப்பளவுதான். கல்யாணம் ஈஸ்டர் கழிந்து அடுத்த கப்பல் வரும் நாளில். 'பாரம்பரியக் கல்யாணக் காட்சி' என்று உம் அப்பாவே போர்டு எழுதிவிட்டார். வெள்ளைக்காரர்கள் மூன்று வள்ளமாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் நீர் மூன்று தடவை தாலி கட்ட வேண்டும். ஹில்டா ஒரு தடவைதான் உட்காருவாளாம். மற்ற இரண்டுக்கும் நானே முக்காடு போட்டு உட்காருகிறேன். நீர் சிரிக்காமல் கட்டும்.