பஞ்சு வெளியே சொல்லாது

கடையின் மேல்தட்டில் சிவப்பு ரோஜாப்பூ உறை போட்ட தலையணையைக் காணோம். ஹயாத் பாஷா ஸ்டூலில் ஏறி, அங்கே மிச்சமிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எதுவும் கரகரக்கவில்லை.

"மாது! இங்கிருந்த ரோஜாப்பூ எங்கடா?"

மெத்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த கடைப் பையன் மாது ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வித்துட்டேனுங்க பாய்."

"யாரைக் கேட்டு வித்தே?"

"இது தலையாணிக் கடைதானுங்களே? வந்து கேட்டாங்க, குடுத்தேன்."

ஸ்டூல் ஆடியதா, தான் ஆடினோமா என்று பாய்க்கே தெரியவில்லை. அந்தத் தலையணைக்குள் இலவம்பஞ்சோடு ஆறு மாதத்துச் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தன.

கடைக்குப் பின்னால்தான் வீடு. காலையும் மாலையும் மனைவி வஹிதா மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பாள். பாய் வாயில் போடுவார், தண்ணீரைக் குடிப்பார், தலையாட்டுவார். அவள் முதுகு மறைந்ததும் கன்னத்து ஓரத்திலிருந்து மாத்திரை வெளியே வரும். தையல் விட்ட ஓரம் வழியாகத் தலையணைக்குள் போகும். உலகத்தில் ரகசியம் காக்கத் தெரிந்தது பஞ்சு ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அதற்குள் என்ன வைத்தாலும் வெளியே சொல்லாது.

"எங்கத்தா ஒரு மாத்திரை போட்டதில்லை. ஆட்டுக்கால் தின்னே எண்பது வயசு இருந்தாரு" என்று டாக்டரிடமே சொன்னவர் அவர். அந்தத் தகப்பனார் தினமும் மெத்தையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்றவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. பாய் தெருமுனைப் பள்ளிவாசலுக்கே ஸ்கூட்டரில் போகிறவர்.

பாயின் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி, காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வஹிதா அழவில்லை. மகள் சாதியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மாத்திரையில என்னை ஏமாத்தினது தெரிஞ்சுதுன்னு வைங்க, இவ நிக்காஹ்ல ஊரே பிரியாணி சாப்பிடும். பொண்ணோட அத்தாவுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி. அதையும் மேடையில உக்கார வச்சு நானே ஊட்டுவேன்."

செய்யக்கூடியவள். நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

"யாருடா வாங்கினது?"

"அதியமான்கோட்டை கோகிலவாணி அக்காங்க. ரோட்டு மேல எளநிக் கடை வச்சிருக்காங்களே, அவங்க."

பாய் வாசலுக்கு ஓடினார். ஸ்கூட்டர் இல்லை.

"உங்க மகன் ஆசிம் சர்வீசுக்கு வுட்டிருக்கான்" என்று உள்ளேயிருந்து வஹிதாவின் குரல் வந்தது. "ஏதோ பார்ட்ஸ் வரணுமாம்."

பாய் பஸ் பிடித்தார். இறங்கிப் பார்த்தால் இளநீர்க் கடை சாத்தியிருந்தது. வீடு காட்டுக்குள்ளே, அவர்கள் நிலத்திலேயே என்றார்கள். 'தா, இங்கதான்' என்று கை காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வாங்க பாய்" என்றாள் கோகிலவாணி. "டீ போடலாம்னா சக்கரை தீந்துபோச்சு. மோர் குடிங்க."

உண்மையைச் சொல்ல முடியாது. நடந்து வந்த வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டார். "ஒண்ணுமில்லைம்மா. நீ வாங்கின தலையாணியில மூட்டைப்பூச்சி. குடுத்துடு, வேற தரேன்."

"ஐயையோ, மூட்டைப்பூச்சிங்களா! அதை எங்கண்ணன் பச்சியப்பனுக்குக் குடுத்துட்டனே! பாப்பாரப்பட்டியில இருக்காரு. அமுக்கிப் பாத்துட்டு உள்ள என்னமோ கரகரங்குதுன்னாரு. பூச்சிதானா அது?"

பாய் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கடை வாசலில் மூன்று பேர் மெத்தையோடு நின்றார்கள். பாய் கடைப் பஞ்சில் மூட்டைப்பூச்சி என்ற செய்தி அவருக்கு முன்பே பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டிருந்தது. மூவருக்கும் புதுப் பஞ்சு அடைத்துத் தருவதாகச் சொல்லி மாதுவை உட்கார வைத்துவிட்டுப் பாய் பாப்பாரப்பட்டிக்குக் கிளம்பினார். சந்தையைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, பச்சியப்பன் வீடு ஊரின் கடைசியில் இருந்தது.

இந்த முறை பூச்சி வேண்டாம் என்று பொய்யை மாற்றினார். "அது எங்கத்தா தலை வச்சுப் படுத்த தலையாணிங்க. ராசியானது. அது வூட்ட விட்டுப் போனதுலேருந்து எனக்கு ஒண்ணும் ஓடலை."

பச்சியப்பன் கண்ணை விரித்தார். "அட, ராசியானதுங்களா? அதான் பாய், வூட்டுக்கு வந்த அன்னைக்கே எருமை கன்னு போட்டுச்சு! எம்பொண்ணு மணிமேகலை மொரப்பூர்ல மாசமா இருக்கா. அவளுக்கு அனுப்பி வச்சிட்டேன். களி திம்பீங்களா? டீ வைக்கலாம்னா சக்கரை இல்லை."

களியையும் கீரைக் கடைசலையும் தின்றுவிட்டுப் பாய் ஏரிக்கரையில் திரும்பி நடந்தார். மாவட்டம் முழுக்கச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது, பேப்பரில் ஒரு வரி போடக் காணோமே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

மொரப்பூரில் மணிமேகலையிடமும் தலையணை இல்லை. "ராசியானதுன்னு அப்பா சொன்னாரு. இப்ப நாத்தனா வூட்ல பரீட்சை எழுதற புள்ளைக்குக் குடுத்திருக்கோம். அங்க போய்க் கேட்டுப் பாருங்க. ரயில்வே கேட்டைத் தாண்டி நேரா போங்க. பஸ்ஸெல்லாம் போவாது."

நாத்தனார் வீட்டிலும் தலையணை இல்லை. அவளுடைய மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போனால், கிணறு வெட்டப் பூஜை போடுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ரோஜாப்பூத் தலையணை பாய்க்கு முன்னால் எப்போதும் ஓர் ஊர் தள்ளியே போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டருக்கான பார்ட்ஸ் எந்தக் கடலில் எந்தக் கப்பலில் வந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. வரப்பு வரப்பாகப் பாய் நடந்தார். ஒரு நாள் வாய்க்கால் தண்ணீரில் தன் நிழல் தலையில் மெத்தை சுமந்து போவதுபோல் தெரிய, நின்று உற்றுப் பார்த்தார். மேகம்தான்.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு சங்கடம். வஹிதா வேளை தவறாமல் மாத்திரையோடு வந்து நின்றாள். ஒளிக்கப் புதிதாக ஒரு தலையணையைத் தேர்ந்தெடுத்தார். மாது அன்றைக்கே அதை விற்றான். இன்னொன்றை எடுத்தார், அதுவும் போயிற்று. நல்லவேளை, இரண்டிலும் இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை.

"வாரத்துக்கு ஒரு தலையாணி விக்கத் திணறுவே. இப்ப என்னடா உனக்கு?"

"நீங்கதானுங்க பாய் யாவாரத்துல சுறுசுறுப்பு வேணும்பீங்க."

வேறு வழியில்லாமல் பாய் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார். தோற்றுவிட்டதாக அவர் நினைக்கவில்லை. தலையணை கிடைக்கிற வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான்.

நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் டாக்டர் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய், பாதி சண்டை ஜெயிச்சாச்சு. எடை கொறைஞ்சிருக்கு, பிரஷரும் எறங்கியிருக்கு. என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலை" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பாய். "யார் பேச்சையும் கேக்கறவன் நான் இல்லைங்க டாக்டர்."

"அப்படியே யார் பேச்சையும் கேக்காம இருங்க. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. கல்யாணத்துல அளவா ஒரு தட்டு பிரியாணி சாப்பிடலாம்."

வஹிதா பக்கத்தில் உட்கார்ந்து சேலை முந்தானையை நீவிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துப் பாய்க்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிக்காஹ் அன்று மண்டபம் முழுக்க நெய் வாசம். பாய் ஊரைக் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி பிரியாணி சாப்பிட்டார். "பார்த்தீங்களா? மாத்திரையாம், நடையாம்! ஒடம்பு நம்ம சொல்றதைத்தான் கேக்கணும்" என்று பக்கத்துத் தட்டுக்காரரிடம் சொன்னார். தட்டு காலியானது. டாக்டர் சொன்ன ஒரு தட்டு டாக்டருக்கு. இன்னொரு தட்டு தன் மானத்துக்கு என்று முடிவு செய்தார்.

வஹிதா பார்க்கிறாளா என்று தெரிந்துகொள்ள, பெண்கள் பந்தியை மறைத்துக் கட்டியிருந்த திரைச்சீலை அருகே காலித் தட்டோடு மெல்லப் போனார். அந்தப் பக்கம் கோகிலவாணியின் குரல் கேட்டது.

"வஹிதாக்கா, எங்க சொந்தக்காரங்க வூடெல்லாம் தீந்துபோச்சுங்க. தலையாணி உங்க பீரோவுலயே பத்தரமா இருக்கட்டும், அடுத்த மாசம் பாயை எந்த ஊருக்கு நடக்க வுடறதுன்னு மட்டும் சொல்லுங்க."