அதிகாரி சாந்தமடைந்த வரலாறு

மன அமைதிக்கு விலையே கிடையாது என்று உலகமே பேசுகிறது. விசாரிக்காமல் பேசுகிறது. கடையில் கேட்டாயிற்று: காஃபின் நீக்கிய காப்பித்தூள் டப்பா, சாதாரண டப்பாவைப் போல் சரியாக இரண்டு மடங்கு. "காஃபினை எடுத்துட்டுத்தானே விக்கிறீங்க? எடுத்ததுக்குக் குறைக்காம ஏத்தினா எப்படி?" என்று ஸ்டோர் அக்கா நியாயமாகத்தான் கேட்டாள். கடைக்காரர் அசையவில்லை. எடுக்கிற கூலிதான் அதிகம் என்றுவிட்டார்.

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் சரக்கறை ஸ்டோர் அக்காவின் பொறுப்பு. குழாய், மீட்டர், காகிதம், காப்பி போடும் கெட்டில் எல்லாம் அவள் சாவிக்கொத்துக்குள் அடக்கம். டப்பாவை அவள் வாங்கியது மகளுக்காக. முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. காஃபினைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மகளின் டாக்டர். இன்னும் யார் யாருக்கு நல்லது என்று டப்பாவின் முதுகில் அச்சடித்திருந்தார்கள்: தூக்கம் வராதவர்கள், நெஞ்சு படபடப்பவர்கள், சட்டென்று பதறுகிறவர்கள். படிக்கப் படிக்க அக்காவுக்கு மகள் முகம் மறைந்து அதிகாரியின் முகம் தெரிந்தது.

அதிகாரி பெரிய 'உழைப்பாளி'. ஆபீசுக்கு வந்ததும் ஒரு காப்பி, வந்துவிட்டோம் என்பதற்காக இன்னொரு காப்பி, பிறகு கூட்டம். கூட்டத்தில் மேஜையைத் தட்டுவார். அந்தத் தட்டில் தட்டச்சர் கை நடுங்கி ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பார். அதிகாரியின் காலடிச் சத்தம் கேட்டால் காசாளருக்கு எண்ணிக்கொண்டிருந்தது மறந்துவிடும். அதிகாரியின் டாக்டரும் காப்பியை விடச் சொல்லித்தான் பார்த்தார். அவருக்கு நிர்வாகம் தெரியாது என்று அதிகாரி டாக்டரை விட்டுவிட்டார்.

ஆகவே பொது நலன் கருதி டப்பா அதிகாரிக்கு 'ஒதுக்கீடு' செய்யப்பட்டது. அதிகாரிக்கு மட்டும் தகவல் இல்லை. மகளுக்கு வேறு டப்பா போயிற்று.

முதலில் தலைவலி என்று முனகினார். அடுத்த வாரம் கனிந்துவிட்டார். மேஜையைத் தட்டிய கை கோப்புகளைத் தடவிக் கொடுத்தது. எல்லாம் தன் 'மூச்சுப் பயிற்சி'யின் பலன் என்று அவராகவே முடிவுசெய்து, ஊழியர்களை உட்காரவைத்து மூச்சு விடுவது எப்படி என்று நெடுநேரம் விளக்கினார். அதுவரை எப்படியோ விட்டுக்கொண்டிருந்தவர்கள் நன்றியோடு கேட்டுக்கொண்டார்கள். அவர் மனைவி போன் செய்து, வீட்டுக்காரர் படுத்ததும் தூங்கிவிடுகிறார், ஆபீசில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று தழுதழுத்தார். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது: 'தவறே நிகழாத அலுவலகம்'. கையெழுத்தே விழாத இடத்தில் தவறு எப்படி விழும்?

அந்தக் கையெழுத்தில்தான் அக்காவுக்கு இடித்தது. மகளின் பிரசவத்துக்குப் போக இருபது நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"பார்ப்போம்மா. குழந்தைங்கிறது வர்ற நேரத்துல வரும்."

"வரும் சார். நான் முன்னாடியே போய் நிக்கணுமில்ல?"

"எதுக்கும் பதறக் கூடாது. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

இழுத்து விட்டாள். விண்ணப்பம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. மறுநாளும் பார்ப்போம், அதற்கு மறுநாளும் பார்ப்போம். அக்கா பேரம் பேசாமல் எதையும் வாங்கிப் பழகாதவள். முடியாது என்கிற ஆளிடம் பேசிப் பேசிப் பாதியாவது கறக்கலாம். பார்ப்போம் என்று சிரிக்கிற ஆளிடம் எதைப் பிடித்து இழுப்பது? மகளோ போனில், வலிக்கிற மாதிரியும் இருக்கு, வலிக்காத மாதிரியும் இருக்கு, நீ எப்பம்மா வர்றே என்றாள்.

பழைய தூளுக்குத் திரும்பப் போவதாக அக்கா சொன்னதும் தட்டச்சர் கையை நீட்டிக் காட்டினார். நடுக்கம் நின்றிருந்தது. "உங்க பேரப்பிள்ளைக்கு எங்களைக் காவு குடுக்கறீங்களேக்கா" என்றார் காசாளர். ஒரே ஒரு கோப்பை, ஒரே ஒரு கையெழுத்து என்று அக்கா சத்தியம் செய்தாள்.

கோப்பை உள்ளே போயிற்று. பழைய தூள், இரட்டைக் கரண்டி. சற்று நேரத்தில் மேஜை அதிர்ந்தது. தட்டச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளே ஓடினாள்.

"என்ன இது, மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு? இங்க யாராவது வேலை பாக்கறீங்களா? இதென்ன, லீவா? முடியாது."

"முப்பது நாள் சார்."

"இருபதுன்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதினப்ப இருபது சார். நீங்க பார்த்துக்கிட்டே இருந்ததுல ஏறிடுச்சு."

"அஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது."

"அஞ்சு நாள்ல குழந்தை முகமே தெளியாது சார். இருபத்தஞ்சு."

"பத்து."

"இருபதுன்னு உங்க வாயாலதானே சார் படிச்சீங்க. அதையே குடுங்க."

"பதினஞ்சு. வெளிய போங்க."

காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்து விழுந்தது. அந்த வேகத்தில் மலையும் சரிந்தது. வாரக்கணக்கில் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் ஆணை கிளம்பிவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டு வாங்கினார்கள்.

மகள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். டப்பாவால் அதிகாரிக்குத் தூக்கம் வரவு. அவர் மனைவிக்கு நிம்மதி வரவு. ஆபீசுக்குத் திட்டு விழாத காது வரவு. அவளுக்கு ஐந்து நாள் பற்று. போகட்டும், பேரம் என்றால் அப்படித்தான். ஒரு வரி மட்டும் நேராகவே இல்லை. காப்பியிலிருந்து காஃபினை எடுத்தால் காப்பியாவது மிஞ்சுகிறது. அதிகாரியிலிருந்து எடுத்தபோது நாற்காலிதான் மிஞ்சியது. அப்படியென்றால், இத்தனை வருஷமாக வேலை பார்த்தது யார், சம்பளம் வாங்கியது யார்? காப்பித்தூளுக்குச் சேர வேண்டிய அந்தப் பாக்கி இன்னும் நிற்கிறது.