பின்சந்தில் மாப்பிள்ளை ஊர்வலம்

குறுக்குவழிக்காரரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நேராகக் கிடக்கும் தெருவைக் கண்டால் அவருக்கு மனம் நோகும். ஊரைக் கட்டியவன் தம்மை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டானே என்ற வருத்தம். எந்தச் சந்தைக் கண்டாலும் அது எங்கேயாவது போய்ச் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பார். ஏன் சேர வேண்டும்? அப்படிக் கேட்கிறவருக்கு வழி தெரியாது என்று அர்த்தம்.

மலாய் நாட்டில் எங்கள் சிகாமட் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமி. ரப்பர் காட்டில் எந்த நிரையிலும் நுழைந்து எந்த நிரையிலும் வெளிவரலாம். காலமெல்லாம் அப்படி நடந்த கால்களோடு அவர் டவுனுக்கு வருகிறார். டவுனிலோ கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருக்கோடி வரை ஓர் ஆள் நுழைய இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. அது கடைகளின் குற்றம்.

சென்ற ஆனியில் மூர்த்தியின் கல்யாணம். ரயிலடியிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டது. மாரியம்மன் கோயிலில் மணப்பெண் செல்லம் மாலையோடு காத்திருந்தாள். அந்த முகூர்த்தம் தவறினால் ஆடி கழிந்துதான் தாலி.

"பெரிய ரோட்டைச் சுத்துவானேன்? கோயில் அதோ தெரியுது. எம் பின்னால வாங்க," என்றார் ஐயாசாமி. நாதஸ்வரம், குடை, சீர்த்தட்டு அத்தனையும் கடைகளின் பின்சந்தில் நுழைந்து, கோழிக்கூண்டுகளைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, வெகு கம்பீரமாக ஒரு சுவரில் போய் முட்டின.

திரும்பலாமே என்கிறீர்களா? தாலி கட்டப் புறப்பட்ட மாப்பிள்ளை வந்த வழியே திரும்புவதாவது! மூர்த்தியின் தாய் பேச்சியம்மாள் அழவே தொடங்கிவிட்டாள். எனக்கே பாவமாக இருந்தது. மேளச் சத்தம் கேட்டுக் காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே பின்கதவைத் திறந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "மாசுக் லா," என்று எல்லோரையும் உள்ளே அழைத்தார். அடுப்பங்கரைக்குள் புகுந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலை ஒதுக்க, ஊர்வலம் முன்வாசல் வழியே பெரிய ரோட்டில் வந்து விழுந்தது. புறப்பட்ட இடம் கூப்பிடு தூரம்கூட இல்லை.

பிறகு ஓட்டம்தான். முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. மூச்சு வாங்க நின்ற புருஷனிடம் செல்லம் பேசிய முதல் பேச்சு: "திரும்பிப் போறப்ப பெரிய ரோட்டுலயே போலாங்க."

ஐயாசாமிக்கு வெட்கமா? "வழி இருக்குன்னு சொன்னேன்ல. நடுவுல எவனோ கடையைக் கட்டிட்டான்," என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சரி, இதை முதலிலிருந்து வரிசையாகப் படித்துத்தான் இங்கே வந்தீர்களா, நடுவில் ஒரு பத்தியைத் தாவி வந்தீர்களா? தாவியிருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் தயவுசெய்து ஊர்வலத்துக்குப் பின்னால் நடங்கள்.