ஒன்றரை விரல் விவகாரம்

பாறசாலை,
9.6.1996, ஞாயிறு.

அன்புள்ள தங்கச்சி தங்கபாய்க்கு,

அண்ணன் செல்லசாமி மிக்க அன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் மதினி விலாசினியும், இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஸ்ரீகுமாரியும் நலம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வார்டில் படுத்திருக்கும் தாய்மாரும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. என் நிலைமை அப்படியில்லை. நீ இருபது வருஷமாகப் பிரசவ வார்டு நர்ஸ் என்பதால் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன், வாசித்ததும் கிழித்துப்போடு.

மூன்று வாரத்துக்கு முன்பு நெய்யாற்றின்கரையில் அகஸ்டினா டாக்டரிடம் மகளைக் காட்டப் போனோம். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை வாய் ஒரு விரல் திறந்திருக்கு" என்றாராம். விலாசினி வெளியே வந்து என் காதில் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக பஸ்ஸில் நிறுத்தங்களைக் கூவிய தொண்டை எனக்கு, மெதுவாகப் பேச வராது. "ஒரு விரலா?" என்று நான் கேட்டது வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, அதில் பாதிப்பேர் எங்களோடு அதே பஸ்ஸில் வந்தார்கள், நாங்கள் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராஜதாஸ் ஜீப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தி, "ஒரு விரல்னா இன்னைக்கு சாயங்காலமாக்கும் அண்ணா, எனக்க மச்சினிக்கு அப்படித்தான்" என்றான். துணிமணி, பிளாஸ்க், எல்லாம் ஜீப்பில் ஏறிற்று. நான் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் ராஜதாஸ் மரச்சீனிக் கிழங்கு ஏற்றப் போகவேண்டுமென்று எங்கள் சாமான்களை இறக்கி வைத்தான்.

அடுத்த வாரம் ஒன்றரை விரல். எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. டாக்டருடையது மெலிந்த விரல், அங்கே நர்ஸம்மாவுடையது நேந்திரம் பழம் மாதிரி. இந்த ஒன்றரை யாருடைய ஒன்றரை? இதை நான் நர்ஸம்மாவிடமே கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மறுபடியும் ஜீப், மறுபடியும் பிளாஸ்க், மறுபடியும் ஒன்றுமில்லை. மஸ்கட்டிலிருந்து மருமகன் போன் செய்து, "மாமா, அரை விரல்தானே கூடிச்சு, இந்தக் கணக்குல எந்த மாசம்?" என்று கேட்கிறார்.

இப்படியிருக்க, போன செவ்வாய்க்கிழமை கஞ்சி குடிக்கும்போது ஸ்ரீகுமாரி சொன்னாள்: "அப்பா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாறேன். பிரஷர் பாக்கட்டும், வயத்துல கை வச்சுப் பாக்கட்டும், பிள்ளைக்க நெஞ்சடி கேக்கட்டும். உள்ள பாக்க மட்டும் விடமாட்டேன்."

டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? டாக்டர் கோபித்துக்கொண்டு பிரசவத்துக்கு வராமல் போனால்? நான் குரலை உயர்த்தி, "மக்கா, பரிசோதனைன்னா பரிசோதனையாக்கும். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா, டிக்கட்டைக் காட்டமாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றேன்.

அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, "செக்கிங் ஏறினா பஸ் சீக்கிரமாப் போவுமா அப்பா?" என்றாள்.

தங்கச்சி, செக்கிங் ஏறி ஒரு வண்டியாவது சீக்கிரம் போனதாக என் சர்வீஸில் இல்லை.

அவள் எழுந்து போனபிறகு விலாசினி மெல்லச் சொன்னாள். முதல் பிரசவத்தின்போது, மருமகன் அப்போது வேலை பார்த்த ஊரில், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே கையை வைத்தார்களாம். மகள் வலியில் அலறியிருக்கிறாள். அதற்கு ஏச்சும் கிடைத்திருக்கிறது. மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்களாம். "நீங்க அப்போ வெளியில நின்னு கப்பலண்டி தின்னுகிட்டிருந்தீங்க" என்றாள் விலாசினி. வாஸ்தவம். கடலை தின்றேன். நாலு வருஷமாக என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை, வராந்தாவிலேயே நிற்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அவர்கள் பின்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். ஸ்ரீகுமாரி நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "டாக்டர், இன்னைக்கு உள்ள பாக்க வேண்டாம்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. "எந்தா மோளே, பேடியா?"

"பயமும் உண்டு. ஒரு காரியம் கேக்கட்டா? பாத்தா என்னைக்குப் பிரசவம்னு சொல்லமுடியுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது முடியாது. ஒரு விரலோட மூணு வாரம் நடக்கிறவங்களும் உண்டு. ஒண்ணுமே திறக்காம இருந்து அன்னைக்கே பெறுறவங்களும் உண்டு."

"பாக்காட்டி பிள்ளைக்கு ஏதும் கேடு வருமா?"

"உனக்கு வலி இல்லை, நீர் போகலை, ரத்தம் இல்லை. பிள்ளை தலை கீழே, அனக்கமும் நல்லா உண்டு. இன்னைக்குப் பாக்கணும்னு கட்டாயம் இல்லை. இதுல ஏதாவது மாறினா, பிள்ளை அசையுறது குறைஞ்சா, உடனே வரணும். நாள் கடந்து வலி வர மருந்து வைக்கவேண்டி வந்தா அப்போ பாக்கணும். அப்பவும் உங்கிட்ட கேட்டுட்டுத்தான்." பிறகு சிரித்துவிட்டார். "பதினெட்டு வருஷமா வாராவாரம் பாக்குதேன். எதுக்குன்னு கேட்ட முதல் ஆள் நீயாக்கும்."

அந்தச் சிரிப்பில் எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, எழுந்து நின்று, "அடுத்தது போகலாம், ரைட்!" என்று கூவிவிட்டேன். வராந்தாவில் இருந்து இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆகவே தங்கச்சி, நான் தீர்மானமாக எழுதுகிறேன். இனி என் மகளை யாரும் உள்ளே பார்க்க நான் சம்மதிக்கமாட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் படுத்தாவது தடுப்பேன். நீயும் உன் வார்டில் இன்று முதல் இந்தப் பரிசோதனையை அடியோடு நிறுத்திவிடவேண்டும், மேலதிகாரி கேட்டால் அண்ணன் உத்தரவு என்று சொல். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, உன் பிள்ளைகளுக்கு முத்தம், உன் கையால் பிறக்கிற எல்லாக் குஞ்சுகளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாசமுள்ள அண்ணன்
செல்லசாமி

பின்குறிப்பு: திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு இந்த இன்லண்ட் கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப்பருக்கை எடுக்கப் போனபோது ஸ்ரீகுமாரிக்கு வலி வந்தது. ராஜதாஸின் ஜீப் மரச்சீனிக்குப் போயிருந்ததால் ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறையோடு வந்ததும், எழுதியபடியே நான் பிரசவ அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "உள்ள பாக்க ஆரையும் விடமாட்டேன்" என்றேன். உள்ளேயிருந்து மகள் அலறினாள்: "எப்பா! நான்தான் பாக்கச் சொன்னேன்! அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதும் நான், இன்னைக்கு வேணும்னு சொல்லுததும் நான்! மாறி நில்லுங்க!" விலகி நின்றேன். டாக்டர் அவளிடம் கேட்டுவிட்டுப் பார்த்தாராம், முக்கால் மணி நேரத்தில் பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். மேலே நான் உனக்குப் போட்ட உத்தரவை ரத்து செய்கிறேன். உன் வார்டில் யாருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரவரிடமே கேட்டுக்கொள். என்னிடம் கேட்காதே.