அயுத்தயாவில் மரத்தில் கட்டிய அப்பா

சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளையை நம்பக் கூடாது. சொல்லாததையும் கூடச் சேர்த்துச் செய்துவிடுவான். ஊரில் உள்ள பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் மனைவி வசந்தியும் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருந்தோம். திருச்சியிலிருந்து அப்பா எங்களைப் பார்க்க வந்தார். அம்மா வரவில்லை. "பிளேன்ல எல்லாம் என்னால ஏற முடியாது, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அவரை மட்டும் அனுப்பிவிட்டாள். மூன்று மாதம் என்று வந்தவர், பனி விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டார். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சோபாவில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பனி அடுத்த வாரம் விழுந்தது.

உடம்பை ஊருக்கு அனுப்ப நாளாகும், பேப்பர் வேலை நிறைய என்றார்கள். சரி, இங்கேயே தகனம் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அம்மாவைக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். (அப்போதே யாராவது என்னை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். சாத்தாததால் தைரியம் வந்துவிட்டது.)

போனில் அம்மா சொன்னாள்: "முகத்தைக் காட்டாம எரிச்சிட்ட. சாம்பலையாவது கொண்டு வா. என் கையால காவேரில விடணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்டா."

போனை வைக்கப் போனவள் மறுபடி கூப்பிட்டாள். "சேகர், வீட்டுக்குள்ள வைக்காத. தரையில வைக்கக் கூடாது. மரத்துல கட்டி வை."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அஸ்தியை ஆற்றில் கரைக்கும் வரை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். செம்பில் போட்டு, துணியால் வாயைக் கட்டி, மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். பார்சிப்பனியில் மரத்தில் எதைக் கட்டினாலும் அபார்ட்மென்ட் மானேஜர் நோட்டீஸ் அனுப்புவார். அதனால் கராஜில், சைக்கிள் மாட்டுகிற கொக்கியில் அப்பாவை மாட்டினேன். தினமும் காலையில் "போய்ட்டு வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் காரை ரிவர்ஸ் எடுப்பேன். அவ்வளவு பொறுப்பான பிள்ளை!

டிசம்பர் லீவில் ஊருக்குக் கிளம்பினோம். டிக்கெட் போட்டுக்கொடுத்த அங்கிள்தான் என் மூளையில் அந்தப் புழுவை விட்டார். "பாங்காக் வழியாத்தான் போறீங்க சேகர். மூணு நாள் ஸ்டாப் பண்ணிக்கலாம், எக்ஸ்ட்ரா கிடையாது. இப்ப அங்க கூல் சீஸன். மிஸ் பண்ணாதீங்க."

எக்ஸ்ட்ரா கிடையாது என்று சொல்லி நம் ஆளை எரிமலைக்குள்ளும் இறக்கிவிடலாம்.

வசந்திக்குப் பிடிக்கவில்லை. "அத்தை அங்க நாளை எண்ணிட்டு உக்காந்திருக்காங்க. நேரா போய்டலாம்ங்க."

"பாங்காக்ல இருந்து கொஞ்ச தூரத்துல அயுத்தயான்னு பழைய தலைநகரம் இருக்கு. அயோத்தியோட பேரைத்தான் வெச்சிருக்காங்க. சுத்திலும் ஆறு, உள்ளே முழுக்கக் கோயில். அப்பாவைக் கூட்டிட்டுப் போனா புண்ணியம்தானே?"

"புண்ணியம் யாருக்கு? கேமராவுக்குப் புது லென்ஸ் வாங்கினீங்களே, அதுக்கா?"

அம்மாவிடம் மூன்று நாள் தள்ளிச் சொன்னேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒரு பொய். வழி முழுக்க அப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்ன ஏர்ஹோஸ்டஸிடம், தரையில் வைக்கக் கூடாது என்று மூன்று முறை விளக்கினேன். உள்ளே யார் இருக்கிறார் என்று சொன்னதும் அந்தப் பெண் எங்கள் வரிசைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு காபிகூடக் கிடைக்கவில்லை.

அயுத்தயாவில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்ன விடுதி. நடத்துகிற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். இங்கிலீஷ் தெரியாது, சிரிப்பு தெரியும். சாயங்காலக் காற்று இதமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கே ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். நியூ ஜெர்சி டிசம்பரிலிருந்து வந்த நான் அரைக்கை சட்டையோடு கொழுப்பெடுத்துத் திரிந்தேன். விடுதி முற்றத்தில் ஓர் அரசமரம். அடிமரத்தில் கலர் கலராகத் துணி சுற்றி, பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

"பாத்தியா வசந்தி! நம்ம ஊர் மாதிரியே இருக்கு. அப்பாவுக்கு இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?"

"கேட்டுட்டுக் கட்டுங்க."

"அரசமரத்துல கட்டறதுக்கு என்ன கேள்வி?"

கட்டினேன். மறுநாள் காலையில் கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. படகில் ஏறி ஊரைச் சுற்றினோம். இடிந்த செங்கல் கோபுரங்கள், தலை போன புத்தர் சிலைகள். மூன்று ரோல் பிலிம் தீர்ந்தது. தலையில்லாத புத்தருக்குப் பின்னால் நின்று என் தலையை எட்டிக்காட்டி ஒரு படம்கூட எடுத்துக்கொண்டேன். (முப்பத்திரண்டு வயது, மாஸ்டர்ஸ் டிகிரி வேறு.)

திரும்பும்போது மதியம் மூன்று மணி. மரத்தில் செம்பு இல்லை.

அது சமையலறை வாசலில், பலகை மேல் கவிழ்த்து வைத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று மின்னியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, முதுகில் தட்டிக் கொடுப்பது போலச் சிரித்தாள். செம்பை நிமிர்த்திப் பார்த்தேன்; உள்ளே ஒன்றுமில்லை.

அவளுடைய அண்ணன் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் தெரிந்தவர். பொறுமையாகச் சொன்னார். காலையில் தங்கை துணியை அவிழ்த்துப் பார்த்தாளாம். சாம்பல் என்று தெரிந்ததும் பதறிவிட்டாளாம். சடங்கு செய்ய ஆளில்லாத சாம்பலைத்தான் இப்படி மரத்தடியில் விட்டுவிட்டுப் போவார்களாம். "நீங்கள் இருவரும் கேமராவை மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி போனீர்கள். அதனால் அவர் உங்களுக்கு நெருங்கிய ஆள் இல்லை, வழியில் யாரோ ஒப்படைத்தது என்று நினைத்தோம்."

பிக்குகளை அழைத்துவந்து ஓதச் செய்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் சாம்பலை முடிந்து, பூவோடு படகில் நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். விடும்போது தங்கை அழுதாளாம்.

"இறந்தவர் யார்?" என்று கேட்டார் வாத்தியார்.

"என் அப்பா" என்றேன்.

அவர் அதைத் தங்கைக்கு மொழிபெயர்த்தார். அவள் சிரிப்பு போய்விட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

அறைக்குள் வந்து வசந்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை; யோசனை வந்தது. சமையலறையில் கரியடுப்பு இருக்கிறது. அடுப்பு இருந்தால் சாம்பலும் இருக்கும்.

"அடுப்புச் சாம்பலையா அத்தை கையில குடுக்கப் போறீங்க? செத்தாலும் உங்க கட்டை வேகாதுங்க! உண்மையைச் சொல்லிடுங்க."

"தாங்க மாட்டாங்கடி."

"தாங்க முடியாதது அவங்களுக்கு இல்ல, உங்களுக்குத்தான்."

செம்பை நிரப்பினேன். அதே துணியால் வாயைக் கட்டினேன். இந்த முறை சீட்டுக்கு அடியிலேயே வைத்தேன்.

திருச்சியில் அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் தங்கை மீனா சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் காவிரிப் படித்துறைக்குப் போனோம். அம்மா செம்பை வாங்கித் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தாள்.

"எலும்பே இல்லையேடா?"

"அமெரிக்காவில மெஷின்ல போட்டுப் பொடியாக்கித்தாம்மா குடுப்பாங்க." (அன்று காலை அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை.)

"பொடியாக்கிட்டாங்களா..." என்றாள். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "வந்துட்டீங்களா? வந்துட்டீங்கள்ல?" என்று சாம்பலோடு பேச ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அயுத்தயாவையும் அரசமரத்தையும் அடுப்பையும் எல்லாவற்றையும் அந்தப் படியிலேயே கொட்டிவிட்டேன். மீனா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. செம்பைக் கவிழ்த்துச் சாம்பலைப் படியில் கொட்டினாள். ஆற்றில் இறங்கிக் கையைக் கழுவினாள். கண்ணையும் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மேலே ஏறி வந்ததும் கேட்டாள்: "அவரை ஆத்துல விடறப்போ யாராவது அழுதாங்களா?"

"அந்த அம்மா அழுதாங்களாம்."

"நீ எங்க இருந்த?"

"படம் எடுத்துட்டு இருந்தேம்மா."

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. மற்றவர்கள் பேசினார்கள். மீனா வாய் சும்மா இருக்குமா? வருஷம் போகப் போக அது குடும்பத்தில் பெரிய ஜோக் ஆகிவிட்டது. கல்யாணத்தில் நகைப்பெட்டியைப் பிடிக்க நான் கை நீட்டினால் போதும், "அண்ணன்கிட்ட குடுக்காதீங்க, மரத்துல கட்டிட்டு ஊர் சுத்தப் போயிடும்" என்பாள். பந்தலே சிரிக்கும். பார்சிப்பனி நண்பர்கள் வரைக்கும் அது பரவியது. நானும் சிரித்துப் பழகிக்கொண்டேன்.

பதினாலு வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தபோது லீவு போட்டு ஓடினேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். அம்மா மீனாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்னை அவன் கையில குடுத்துடாதடி. மரத்துல கட்டிட்டு ஊர் சுத்தப் போயிடுவான்."

கட்டிலைச் சுற்றி ஒரே சிரிப்பு. நானும் வழக்கப்படி சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கொள்ளி நான்தான் வைத்தேன். மறுநாள் சாம்பலைக் கலயத்தில் அள்ளிக் கொடுத்தபோது கையை நீட்டினேன். மீனா முந்திக்கொண்டு வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குடு மீனா."

"அம்மா சொல்லியிருக்கு அண்ணே" என்றாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அம்மாவைக் காவிரியில் விட்டாள். நான் மேல்படியில் அவளுடைய செருப்புக்குக் காவல் நின்றேன்.