கல்லைக் காயவிடாதவர்

கல் ஏற்றுமதி செய்கிறவர்களில் தண்ணீர் தெளிப்பவர் என்றொரு இனம் உண்டு. ஜோர்டானில் எங்கள் மஆன் பக்கம் வந்து, பாலைவனச் சாலையோரம் வரிசையாக இருக்கும் கல் பட்டறைகளில் எதற்குள் வேண்டுமானாலும் கால் வையுங்கள். உங்கள் சலாமுக்கு அவர் வாய் பதில் சொல்லும். கை ரப்பர் குழாயைத் தேடும். தாகத்துக்குத் தண்ணீர் தரப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அது கல்லுக்கு.

காய்ந்த கல் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும். அதன் மேல் தண்ணீர் பட்டதோ இல்லையோ, தேன் நிறம் எழும், உள்ளே ரோஜா நிறத்தில் நரம்புகள் ஓடும், மூலையில் யாரும் எதிர்பாராத ஒரு பளபளப்பு வந்து உட்காரும், சவூதியிலிருந்து வந்தவர் "மாஷா அல்லாஹ்" என்பார், பேரம் முடிந்துவிடும். பட்டறைக்காரர் வீட்டில் மனைவி துணி துவைக்கத் தண்ணீர் லாரிக்காக வாரக்கணக்கில் காத்திருப்பாள். இங்கே கல் தினமும் குளிக்கும்.

ஏமாற்றுகிறாரா? சேச்சே! கல்லின் உண்மையான நிறம் ஈரத்தில்தான் இருக்கிறது, காய்ந்திருப்பது தற்காலிகக் கோளாறு என்று அவர் மனதார நம்புகிறார். கல்லோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. மகன் அம்மானில் ஒரு கம்பெனி வாசலில் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிட்டால், "பையன் நிர்வாகத்துல இருக்கான்" என்பார். காலில் ஆணி என்றால், "டாக்டரே அசந்துட்டாரு" என்பார். எதையும் அவர் ஈரமாகத்தான் காட்டுவார்.

என் எதிர்ப் பட்டறைக்காரர் மித்கால், மகன் பெயரால் ஊருக்கு அபூ ராகான், அதாவது ராகானின் அப்பா, இந்த இனத்தின் சொக்கத் தங்கம். போன வருஷம் எல்லை தாண்டிப் போன அவருடைய லோடு, சவூதியின் தபூக் நகரில் இறங்கிக் காய்ந்ததும், "இது நாங்க பார்த்த கல்லே இல்ல" என்ற செய்தியோடு அப்படியே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ரம்பம் பாதி நாள் சும்மா கிடந்தது. பட்டறையை மூடினால் மைத்துனரின் கோழிப்பண்ணையில் மேற்பார்வை வேலை தயாராக இருந்தது. பார்க்கும்போதெல்லாம் மைத்துனர் அதை ஞாபகப்படுத்தினார்.

இந்த நிலையில்தான் முத்லக் வந்தார். தபூக்கில் தனக்கும் தம்பிகளுக்கும் ஒரே தெருவில் வீடு கட்டுகிறவர். எல்லா வீட்டு முகப்புக்கும் ஒரே கல் வேண்டும். மித்கால் உடனே குழாயை எடுத்தார்.

"உங்க ஊரு வெயிலுக்குன்னே பொறந்த கல்லுங்க இது. பாருங்க, தேன்! நக்கிப் பாக்கலாம் போல இல்ல?"

"தேன் சரி. காஞ்சா?"

"காஞ்சாலும் இதேதான். என் மீசை மேல சத்தியம்."

"மீசை இருக்கட்டும். கல்லு காயட்டும்."

"காயறதுக்குள்ள ஒரு காப்பி! வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. டேய் ஹாயில், நீயும் வாடா."

ஹாயில் நான்தான். விருந்தாளி வந்தால் பக்கத்துப் பட்டறைக்காரனையும் கூப்பிட்டு உட்கார வைப்பது எங்கள் வழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. உள்ளே மித்கால் புருவத்தைத் தூக்குவார். வெளியே அவருடைய கல் அறுக்கும் ஆள் தண்ணீர் பீய்ச்சுவார். போட்ட சட்டை உடம்பிலேயே காய்கிற வெயில் அது. கல் மட்டும் காயவே இல்லை. முத்லக்கும் ஜன்னலைப் பார்த்தார்.

ஏலக்காய் மணக்கக் காப்பி வந்தது. முத்லக் கிண்ணத்தை வாங்கினார். குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்துவிட்டார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி கிண்ணத்தைக் கீழே வைத்தால், அவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது நிறைவேறாமல் குடிக்கமாட்டார் என்று அர்த்தம். கொலைப்பகை தீர்வதும் இப்படித்தான், பெண் கேட்பதும் இப்படித்தான். அந்தக் காப்பியை ஆறவிட்ட வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஒருவரும் சலாம் சொல்லமாட்டார்கள்.

மித்கால் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "காப்பியக் குடிங்க. நீங்க கேக்கறது கெடைச்சாச்சு."

முத்லக் ஒரே மடக்கில் குடித்தார். மீசையைத் துடைத்தார். "குழாய மூடச் சொல்லுங்க. கல்லு காயற வரைக்கும் நாம அது எதிர்லயே உக்காந்திருக்கணும்."

வெளியே நாற்காலி போட்டார்கள். ஈரம் ஓரங்களிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. தன் அங்கியைத் தெருவில் யாரோ உருவுகிற மாதிரி மித்கால் நெளிந்தார். "மேகம் வருது பாருங்க, மழை பெய்யும் போல!" என்றார். வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை. பிறகு என் காதோடு, "ஹாயில், கோழிப்பண்ணைதான்டா" என்றார். எத்தனையோ நாள் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அந்த நேரம் உண்மையாகவே பாவமாக இருந்தது.

தேன் போயிற்று. ரோஜா நரம்பும் போயிற்று. சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு சாதாரணக் கல் உட்கார்ந்திருந்தது.

முத்லக் எழுந்துபோய் அதை உள்ளங்கையால் தடவினார். "இதத்தான்யா தேடிட்டிருக்கேன்! மழையே பாக்காத ஊரு எங்களுது. என் செவுரு காஞ்சுதான் நிக்கும். வீட்ல அவளுக்கு வெள்ளைதான் வேணும். போற பட்டறையிலெல்லாம் தேனு தேனுன்னு காட்டி உசுர எடுத்துட்டாங்க. இத எதுக்கு இவ்வளவு நேரம் ஒளிச்சு வச்சீங்க?"

மித்கால் மீசையை நீவிவிட்டுக்கொண்டார். "கடைசியில காட்டலாம்னுதான்..." என்றார்.

லோடுகள் முதவ்வரா எல்லையைத் தாண்டிப் போயின, ஒன்றும் திரும்பி வரவில்லை. ரம்பம் இப்போது நாள் முழுக்கக் கத்துகிறது, எனக்குத்தான் மதியத் தூக்கம் போச்சு. மித்கால் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? நேற்றும் குழாயோடுதான் நின்றார்.

வீடு கட்டி முடிந்ததும் முத்லக் எங்களை விருந்துக்கு அழைத்தார். மித்காலுக்கு ரம்பத்தை விட்டு வர மனமில்லை. நான் மட்டும் போனேன். தெருவே வெள்ளை வெளேர் என்று நின்றது. முத்லக் மட்டும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குழாயால் தன் வாசல் சுவரை மேலிருந்து கீழ்வரை நனைத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கப்பா. வெறும் வெள்ளையா இருந்தா சுண்ணாம்பு அடிச்சிருக்கோம்னு நெனச்சுருவாங்க. நீ அந்தப் பக்கம் புடி, சீக்கிரம்!"

பிடித்தேன். பிடித்த கையோடு, என் மீசையையும் கொஞ்சம் ஈரம் தொட்டு முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் மணி அடித்ததும், கதவைத் திறப்பதற்கு முன் குரலிலும் முகத்திலும் கூடத்திலும் அவசர அவசரமாக ஒரு வேலை நடக்கிறதே, அது எங்களுக்குத் தெரியாதா? தாராளமாகச் செய்யுங்கள். கூடவே, வந்தவர் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு பிரார்த்தனையும் செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால், நீங்களும் காய்ந்துவிடுவீர்கள்.