கூண்டண்ணையும் எல்லை போட்ட T-யும்

யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் பொலிசுக்குப் பயப்படாத ஒரே தமிழர் கூண்டண்ணைதான். அவர் பயந்ததெல்லாம் T என்ற எழுத்தை எல்லை போடாமல் எழுதுகிறவர்களுக்கு.

நாங்கள் இருவரும் ஒரே கம்பனியில் ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதினோம். ஒரே லொட்ஜில் ஒரே அறை. அவர் யாழ்ப்பாணம், சிங்களம் ஒரு சொல் தெரியாது. நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன், சிங்களம் நன்றாக வரும். வராதது ஜெனரிக்ஸ். எந்த வகைப் பொருளுக்கும் பொருந்துமாறு புரோகிராமை ஒரே தடவை எழுதி, வகையின் இடத்தில் T என்று வைப்பதுதான் அது. அதை என் தலையில் ஏற்றாமல் விடுவதில்லை என்பது அவர் சபதம்.

"ஒரு கூண்டு செய்யிறம். உள்ளுக்கு என்ன வரும் எண்டு இப்ப தெரியாது. அதுக்குத்தான் T. ஆனா கூண்டு அதுக்குச் சாப்பாடு போடவேணும். ஆரும் மேசை கதிரையைக் கொண்டுவந்து வைச்சா?"

"கதிரை சாப்பிடாது, அண்ணை."

"ஆ! அதுக்குத்தான் எல்லை. T ஒரு மிருக வகையாத்தான் இருக்கவேணும்."

"அப்ப நேரா மிருகம் எண்டே எழுதினா என்ன? T எதுக்கு?"

இதைக் கேட்கும்போதெல்லாம் தலையைச் சுவரில் முட்டுவார். பக்கத்து அறைக்காரர் திருப்பித் தட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கே கூட்டிப்போய், கரடிக் கூண்டின் முன்னால் ஒரு மணி நேரம் விளக்கினார். வழிகாட்டி என்று நினைத்து மூன்று குடும்பங்கள் பின்னால் சேர்ந்துவிட்டன. அவர்களாவது தலையாட்டினார்கள்.

பிறகு ஒரு காலை பொலிசார் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். அவர் ஜாவா உதாரணங்கள் எழுதிவைக்கும் கொப்பியைத் திறந்த அதிகாரி, பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தார்: கூண்டு, புலி. கூண்டு, புலி. அந்த நாட்களில் தமிழன் எழுதக்கூடாத ஒரே மிருகம்! அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்க என்னையும்.

எனக்கே விளங்காத ஒன்றைச் சிங்களத்தில், பொலிஸ் நிலையத்தில், ஒருவரின் உயிருக்காக விளக்க வேண்டியிருந்தது.

"சேர், இது புலிக்கு மட்டும் இல்லை. மாடும் வரலாம், பூனையும் வரலாம். மிருகமாக இருந்தால் போதும்."

"அப்படியானால் மிருகம் என்றே எழுதியிருக்கலாமே. புலி ஏன்?"

என் கேள்வியேதான். கூண்டண்ணையிடம் தமிழில் சொன்னேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

"உமக்கு இன்னும் விளங்கேல்லை! அப்பிடி எழுதினா, வெளியில எடுக்கேக்க வெறும் மிருகம்தான் கிடைக்கும். நான் புலியை வைச்சனான், எனக்குப் புலிதான் திரும்பி வேணும்!"

புலி என்ற தமிழ்ச் சொல் அங்கே எல்லாருக்கும் தெரியும். நான்கு தலைகள் திரும்பின.

எட்டு மாதமாக விளங்காதது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. உள்ளே யார் வரலாம் என்று சொல்வது எல்லை. வந்தது எது என்பதை மறக்காமல் வைத்திருப்பது T. விளங்கி என்ன பயன்? அவரை அடைத்தார்கள், என்னை அனுப்பிவிட்டார்கள்.

கம்பனிக் கடிதத்தோடு மூன்று நாள் வாசலில் நின்றேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஏனென்று சொல்லாமலே விட்டார்கள். கொப்பி வரவில்லை. அவர் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. விளங்கிவிட்டது என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"முகம் வாடிப்போச்சு. ஒண்டும் சாப்பிடேல்லையோ நீர்?"

காலி வீதியில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.